ரங்கூனுக்குப் பத்தொன்பது நாள் குறை

காகிதம் கைக்கு வந்ததும் சென்னப்பன் அதன் கீழ்மூலையை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். பர்மாவுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மனுப் பாரம் அது. நான்கு பக்கமும் இங்கிலீஷ். நாக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"நல்ல காகிதமுங்க சாமி. மை ஊறாது."

மனு எழுதும் நம்பி ஐயங்கார் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "பெங்களூருக்கு எழுதி வரவழைச்ச பாரம்டா. நக்கிப் பார்க்கறயே, நீ என்ன கன்னுக்குட்டியா?"

"பழக்கமுங்க" என்று சென்னப்பன் ஈரமான மூலையை வேஷ்டியில் ஒற்றி எடுத்தார்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் இந்தப் பழக்கம் பிரசித்தம். வெல்லம் கட்டி வந்த தாள், கல்யாணப் பத்திரிகை, மகளின் பள்ளிக்கூடத்து நோட்டீசு எதுவும் அவர் நாக்குக்குத் தப்பியதில்லை. பசை போதாத காகிதம் நாக்கில் ஒட்டும். அதில் கோடு போட்டால் மை இருபுறமும் பரவி, கோட்டுக்கு மீசை முளைத்துவிடும். அப்படிப்பட்ட தாளைக் கண்டால், "இது நிக்காதுங்க" என்று ஒதுக்கி வைப்பார். கால் ஆடும் பெஞ்சியைப் பற்றியும், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சைப் பற்றியும் அவர் அபிப்பிராயம் சொல்வது இதே நாலு எழுத்துச் சுருக்கத்தில்தான்: நிக்கும், அல்லது நிக்காது.

சென்னப்பன் கோடு போடுகிறவர். ரங்கூனில் பெரிய அச்சகம் ஒன்றில் பத்து வருஷம் ரூலிங் மிஷின் ஓட்டினார். கணக்குப் புத்தகத்திலும் நோட்டுப் புத்தகத்திலும் காணும் நீலக் கோடுகளை யாரோ ஓர் ஆள் நின்றுகொண்டு போட்டிருக்கிறான் என்று அநேகமாக யாரும் நினைப்பதில்லை. அந்தக் கோடுகளுக்குள்ளேயே எழுதி பி.ஏ. வரை தேறியவர்களும் நினைத்ததில்லை. மரச்சட்டத்தில் வரிசையாகப் பித்தளைப் பேனாக்கள். அவற்றின் தலையில் மை ஊறிய கம்பளித் துண்டு. அடியில் ஓடும் துணிப்பட்டையின் மேல் தாள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பேனா மயிரிழை விலகினால் ஒரு ரீம் பாழ். பத்து வருஷத்தில் தம்மால் பாழான தாள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். யாராவது கேட்டால் சொல்லவும் செய்வார். ஆனால் யாரும் கேட்பதில்லை.

வயது முப்பத்தொன்பது. ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர் அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி நீலமும், இடதில் சிவப்பும் தோலோடு தோலாகக் கலந்துவிட்டன. சீயக்காய், சாம்பல், மண்ணெண்ணெய் எதற்கும் மசியவில்லை. பேசும்போது கைகளைப் பின்னால் வைத்துக்கொள்வார்.

ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டால் காகிதம் நமத்துப்போகும். எவ்வளவு நல்ல தாளானாலும் கோடு பரவும். ஆகையால் அச்சகத்து முதலாளி மே கடைசியில் ரூலிங் மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, சென்னப்பனை ஊருக்கு அனுப்பிவிடுவார். கப்பலும் ரயிலும் போக வரச் சேர்த்து எண்பது நாள் சொச்சம். அந்த நாட்களை மண்டி மொஹல்லாவில் மனைவியின் அண்ணன் தொட்டையன் வீட்டில் கழித்துவிட்டுத் திரும்புவார். தொட்டையனுக்கு வெல்லமண்டியில் எடை போடும் வேலை. வாய் சற்று நீளம்.

"மழை வந்தா தவளை வரும், எங்க மாப்ளையும் வருவாப்ல. தவளையாச்சும் சத்தம் போடும்" என்று அவர் மண்டியில் சொல்லிச் சிரிப்பார். சென்னப்பனும் சிரிப்பார். மூன்று மாதத்து விருந்தாளிக்கு அந்தப் பரிகாசம் வலிக்காது. இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது.

இந்த வருஷமும் வழக்கம்போல் ஜூன் தொடக்கத்தில் வந்தார். போகும்போது மனைவி மாதேவியையும் ஏழு வயது மகள் கௌரம்மாவையும் கூட்டிப்போவதாகத் தீர்மானம். அங்கே ஓர் அறை பேசி வைத்திருந்தார். கௌரம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, விலகல் சான்றும் வாங்கியாயிற்று. மாதேவி தன் அம்மிக்கல்லை எதிர்வீட்டு நஞ்சம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். இந்த ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகு, ஜூலையில் வழி அடைபட்டது. அனுமதிக் காகிதம் இல்லாத இந்தியர் இனி பர்மாவுக்குள் வர முடியாது என்று இரண்டு சர்க்கார்களும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டபோது, நடு வருஷத்தில் சேர்க்க வழியில்லை என்றார்கள். கௌரம்மா தசரா முடிந்தும் தெருவில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

ரங்கூன் காகிதம் மூன்று வகை என்று நம்பி ஐயங்கார் விளக்கியிருந்தார். 'ஏ' அனுமதி: எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், எந்த வேலையும் செய்யலாம்; அதற்குக் கட்டவேண்டிய பணத்தைக் கேட்டதும் சென்னப்பன் இரண்டாம் முறை கேட்கவில்லை. 'பி' அனுமதி: அற்பக் கட்டணம், மூன்று வருஷம், பிறகு சர்க்கார் மனம் வைத்தால் நீட்டிப்பார்கள். மூன்றாவது, பழைய குடி என்ற உரிமை. வழி அடைபட்ட ஜூலைக்கு முந்தைய ஒன்பது வருஷத்தில் மொத்தமாக ஏழு வருஷம் பர்மாவில் இருந்ததாக மெய்ப்பித்தால் போதும். பெண்டாட்டி பிள்ளையோடு போய், இருக்கிற வரைக்கும் இருக்கலாம்.

"எனக்கு மூணாவதுதானுங்களே! பத்து வருசமா அங்கதானுங்க இருக்கறேன்" என்று சென்னப்பன் அன்று எழுந்தே நின்றுவிட்டார்.

"உட்காரு. எண்ணிப் பார்த்துட்டுச் சொல்லு."

வீட்டுக்குப் போய், ஒரு முழுத்தாளில் ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் ஊரிலிருந்த நாட்களை எழுதினார். கப்பல் சீட்டு, ரயில் சீட்டு எல்லாவற்றையும் எறியாமல் வைத்திருக்கிற மனிதர், தேதிக்குப் பஞ்சமில்லை. ஒன்பது வருஷத்தில் ஏழு போக மீதி எழுநூற்று முப்பது நாள். அவர் ஊரில் இருந்தது எழுநூற்று நாற்பத்தொன்பது. மூன்று தடவை கூட்டினார். தெருவில் காலேஜ் படித்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னார். அந்தப் படிப்புக்கும் பத்தொன்பது நாளைக் குறைக்கத் தெரியவில்லை.

அதிகப்பட்ட வருஷம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முப்பத்துநாலு. அந்த வருஷம் கௌரம்மா பிறந்தாள். பிரசவம் தள்ளிப்போனதில் அவர் கப்பலை விட்டுவிட்டு இருபத்தாறு நாள் கூடுதலாக இருந்தார். அச்சகத்தில் அந்த வருஷத்து வருகைப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. முதலாளி எழுதிக் கொடுத்த சான்றில் 'வழக்கமான விடுப்பு' என்றுதான் இருக்கிறது. அந்த இருபத்தாறு நாளை விழுங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

"பின்னே என்னடா? ஆகஸ்டு கப்பல்ல போயிட்டேன்னு பிரமாணம் பண்ணிடு. கறையான் வந்து சாட்சி சொல்லப்போறதா?" என்றார் நம்பி.

ஆனால் மகளின் பெயரை மனுவில் சேர்த்தால் பிறப்புப் பதிவு நகல் வைக்கவேண்டும். நகலில், தகவல் கொடுத்தவர் யார், என்றைக்குக் கொடுத்தார் என்று இரண்டு கட்டம் உண்டு. மண்டி மொஹல்லாவில் அதற்கென்று முனிசிபாலிட்டிக்கு நடந்து போகிற தகப்பன் கிடையாது. மருத்துவச்சியோ தோட்டியோ சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொள்வார். சென்னப்பன் போயிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். பிறந்த பிள்ளை ஒரு புத்தகத்தில் ஏறுவதும், அந்த வரிக்குப் பக்கத்தில் தாம் கையெழுத்துப் போடுவதும் அவருக்குக் கல்யாணத்தைவிடப் பெரிய காரியமாக இருந்தது. செப்டம்பர் பதினொன்று என்ற தேதியையும் தம் கையாலேயே எழுதினார்.

போன வாரம் தொட்டையன் அவரை அதே ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த குமாஸ்தா தொட்டையனுக்கு வேண்டியவர். நகலில் தகவல் கொடுத்தவர் கட்டத்தில் தகப்பன் பெயருக்குப் பதிலாக மாமன் பெயரைப் போட்டுக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். பழைய புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தார். பக்கம் முழுதும் கட்டைவிரல் ரேகை. நடுவில் ஒரே ஒரு கையெழுத்து. தமிழ் எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றன.

"இது கோடு நல்லா போட்டதில்லீங்க, மை ஊறியிருக்குது" என்றார் சென்னப்பன்.

"கோட்டை விடு மாப்ளே. எம் பேரைச் சொல்லட்டுமா?"

சென்னப்பன் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு புத்தகத்தை மூடி, குமாஸ்தா பக்கம் தள்ளினார். "வேண்டாமுங்க மச்சான்."

"என்ன வேண்டாம்? காசா பணமா? பேருதானே!"

"அதானுங்க, வேண்டாம்."

திரும்பும் வழியெல்லாம் தொட்டையன் பேசிக்கொண்டே வந்தார். ஜட்காவில் ஏறியும் நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போடத் தெரிஞ்சா இதுதான் கேடு. எனக்குத் தெரியுமா? நான் ஒரு நாளும் ஒண்ணுத்துலயும் மாட்டினதில்லை. ஐநூறு மூட்டை எடை போட்டிருக்கேன், எவனாவது வந்து நீதான் போட்டேன்னு காட்டட்டும்!" ஜட்காக்காரன் சிரித்தான். சென்னப்பன் குதிரையின் காதுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயே பிழைக்கக் கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவரும் முயன்றார். மைசூரில் ரூலிங் மிஷின் இருக்கிற இடங்களில் ஆள் இருக்கிறது. பைண்டு கடைக்காரர் ஒருவர் பசை தடவும் வேலை தருவதாகச் சொல்ல, நாலு நாள் தடவினார். ஐந்தாம் நாள், அடுக்கியிருந்த தாள்களில் கோடு சாய்ந்திருப்பதைக் கண்டு, யாரும் கேட்காமலே தனியாக எடுத்து வைத்தார். பாதிக் கட்டு தேறவில்லை. கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். மண்டிக் கடைகளுக்குக் கையால் கோடு போட்டுக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து அச்சடித்த பேரேடு மலிவாக வந்து இறங்கியதும் அதுவும் நின்றது. இப்போது தொட்டையன் மனைவி சோறு வைக்கும்போது கரண்டி ஓசை கூடுகிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. ஒருவேளை எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போதுதான் காது கேட்கிறதோ என்றும் தோன்றுகிறது.

ஜப்பான்காரன் வருவான், அந்தப் பக்கம் போகாதே என்று பத்திரிகை படிக்கிறவர்கள் பயமுறுத்தினார்கள். "சண்டைக்காரனுக்கும் கணக்குப் புஸ்தகம் வேணுமில்லீங்களா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டார் சென்னப்பன்.

முதலாளியின் கடிதம் அதற்குள் வந்துவிட்டது. மழை விட்டு மாதமாகிறது, மிஷின் சும்மா கிடக்கிறது. 'பி' அனுமதிக்கு ஓர் ஆளுக்கு மட்டும் பொறுப்பு எழுதித் தருகிறேன். நவம்பர் முடிவதற்குள் மனு போய்ச் சேரவில்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன். கடிதம் எழுதியிருந்த தாள் அச்சகத்துத் தாள். சென்னப்பன் அதை நாக்கால் தொடவில்லை.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, மாதேவியையும் கௌரம்மாவையும் கூட்டிக்கொண்டு நம்பியிடம் போனார். கோர்ட்டு மதில் ஓரம் தகரக் கொட்டகை, ஒரு சாய்வு மேஜை, எதிரில் பெஞ்சி. நம்பி இரண்டு மனுக்களையும் எழுதி முடித்திருந்தார். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்.

"இது மொதலாவது. பழைய குடி. முப்பத்துநாலு ஆகஸ்டுல கப்பலேறிட்டேன்னு பிரமாணம். பெண்டாட்டி பேரு இருக்கு. கொழந்தை பேரு இல்லை."

"புள்ள பேரு ஏனுங்க இல்லை?"

"நகல் வாங்க மாட்டேன்னுட்டு வந்தயே! கொழந்தை இருந்தா நகல் கேட்பான். நகல் வந்தா தேதி வரும். தேதி வந்தா நீ புளுகன். அதனால சந்தானம் இல்லைன்னு போட்டிருக்கேன். பின்னால கூட்டிக்கலாம், விடு."

"இல்லாத புள்ளைய எப்படிங்க சாமி பின்னால கூட்டிக்கறது?"

நம்பி இரண்டாவது காகிதத்தைத் தட்டினார். "இது 'பி'. மூணு வருஷம். ஒத்தை ஆள். புதுசா வேலைக்குப் போறவன்னு எழுதியிருக்கேன்."

"புது ஆளுங்களா நானு?"

"ஏழு வருஷத்தை நிரூபிக்க முடியலேன்னா புது ஆள்தான். இதுல கையெழுத்துப் போட்டப்புறம் பழைய குடின்னு வாயைத் திறக்கப்படாது."

சென்னப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுல நான் இங்க இல்லேங்கறது. இன்னொண்ணுல நான் அங்க இல்லேங்கறது. அப்ப எங்கதானுங்க சாமி இருந்தேன்?"

நம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று காலையிலிருந்து அவர் எழுதிய ஆறாவது மனு இது. ஆறும் வேலைக்காக எங்கோ போக நினைக்கிறவர்களுடையவை. "எனக்குத் தெரியாதுடா. நான் எழுதறவன். காபி குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணுல போட்டுடு. மத்தியானத் தபால் காத்துண்டிருக்காது."

அவர் போனதும் மாதேவி பெஞ்சியில் நெருங்கி உட்கார்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்தக் கூழாங்கல்லின் கீழ் எந்தக் காகிதம் என்று மனத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதக் காகிதத்துலயே போடுங்க மாமா."

"பொய்யி புள்ள அது."

"இருக்கட்டுமே. புள்ள பொறந்தப்ப நீங்க இருந்தீங்க. வெந்நி வெச்சுக் குடுத்தீங்க. எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாட்டிப் போவுது."

"அவ பேரு இல்லியே அதுல. கப்பல்ல ஏத்த மாட்டாங்களே."

"அப்ப அவள அண்ணன் ஊட்டுல உட்டுப்போட்டு நாம ரெண்டு பேரும்…"

சொல்ல வந்ததைத் தன் காதாலேயே கேட்டுவிட்டவள்போல் மாதேவி நிறுத்தினாள். கௌரம்மா பெஞ்சிக்கு அப்பால் மதிலில் ஊர்ந்த எறும்பு வரிசைக்குக் குறுக்கே விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கன்னடம்தான் சரளம். இருந்தும் மாதேவி அவளை இழுத்து மடியில் இருத்தி, இரண்டு காதையும் முந்தானையால் மூடினாள்.

கோர்ட்டு வாசலில் சேவகன் யாருடைய பெயரையோ மூன்று தடவை கூவினான், யாரும் போகவில்லை.

"ரெண்டாவதுல போடுங்க" என்றாள் மாதேவி. "மூணு வருசம் தானுங்களே."

"பத்து வருசம் போயிருமே புள்ள."

"போவட்டும்."

சென்னப்பன் இரண்டாவது கல்லை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். பேனாவை மையில் தோய்த்து, புட்டியின் விளிம்பில் ஒரு தரம் வழித்தார். மனுதாரர் என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே, ரங்கூன் அச்சகத்தில் சம்பளப் புத்தகத்தில் போட்டுப் பழகிய இங்கிலீஷ் எழுத்துக்களில் தம் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் அந்தக் காகிதத்துக்கும் தமக்கும் சம்பந்தம் விட்டதுபோல் பின்னால் சாய்ந்தார். எடுத்த பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை.

மாதேவி முந்தானையை விலக்கியதும் கௌரம்மா வெளியே தலை நீட்டினாள். அப்பா எழுதிய எழுத்துக்களைப் பார்த்தாள். "ரங்கூனுக்கு எப்பப் போறோம்பா?" என்றாள்.

"அப்பன் முன்னால போயி ஊடு பாத்து வெச்சுட்டு வாரேன் கண்ணு. உனக்கு இப்ப எத்தன வயசு?"

"ஏளு" என்று கன்னடத்தில் சொல்லி, ஒரு கை முழுவதும் மறுகையில் இரண்டும் ஆக ஏழு விரல்களை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

சென்னப்பன் முதுகுக்குப் பின்னாலிருந்த இடது கையை முன்னே கொண்டுவந்தார். சிவப்பேறிய கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கிக்கொண்டு, அவளுடைய ஏழு விரல்களுக்கு அருகில் தம் மூன்று விரல்களை நிறுத்தினார்.

"எண்ணு பாக்கலாம், அப்பன் வாரப்ப உனக்கு எத்தனன்னு."

கௌரம்மா எண்ணத் தொடங்கினாள். ஐந்து வரைக்கும் வந்தாள். அதற்குள் கோர்ட்டு வாசலில் ஒரு ஜட்காக் குதிரை பின்னங்காலில் எழும்பிக் கனைக்கவே, அவள் மடியிலிருந்து நழுவி அந்தப் பக்கம் ஓடினாள்.

நம்பி காபி குடித்துவிட்டு வந்து, கையெழுத்தைப் பார்த்து, மை உலர ஊதி, காகிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டினார். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினார். சென்னப்பன் கொடுத்தார். மற்றக் கையின் மூன்று விரல்களும், குழந்தை நின்ற இடத்துக்கு நேராக, இன்னும் விரித்தபடியே இருந்தன.